புற்றை நிரவாத ஊர்

ஒரு நிலத்தை மாற்றியமைக்கும் உரிமை ஒருவர் கைக்கு வந்த பிறகு, அங்கே என்னென்ன செய்யலாம் என்று எண்ணுவது எளிது. எதைத் தொடாமல் விட வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் கடினம். வீடு கட்டுபவர்களும், பாகப்பிரிவினையில் தோட்டம் பெற்றவர்களும், வெளியூரில் பிழைத்துச் சொந்த ஊருக்குத் திரும்புபவர்களும் வாழ்க்கையில் ஒரு முறையேனும் சந்திக்கும் இந்தக் கேள்வி, நிலத்தோற்ற வடிவமைப்பு பயிலும் மாணவருக்கு மட்டும் ஒவ்வொரு பருவத்திலும் பாடமாகவே வந்து நிற்கிறது. கல்லூரிகளில் ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்’ என்று வழங்கும் அந்தத் துறை, புல்தரையும் பூந்தொட்டியும் வைத்து அழகுபடுத்தும் வேலை என்று பலராலும் கருதப்பட்டாலும், உண்மையில் கட்டடத்துக்கு வெளியே உள்ள மண்ணின் சரிவு, மழைநீர் போகும் வழி, மரநிழல், நடைபாதை, மக்கள் கூடும் திடல் ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று பொருத்தித் திட்டமிடுவதே அதன் பணி. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு 1858இல் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வோக்ஸ் இருவரும் அளித்த திட்டத்துக்குப் பின்னரே அது தனித்தொழிலாகப் பெயர் பெற்றது. இந்தியாவில் டெல்லியின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி 1972இல் அதற்கெனத் தனித்துறை தொடங்கியது.

இத்துறை மாணவரிடம் ஆசிரியர் முதலில் கேட்பது ‘கான்செப்ட் என்ன?’ என்பதையே. வடிவமைப்பு முழுவதையும் தாங்கி நிற்கும் மூலக்கருத்தைத்தான் அச்சொல் குறிக்கிறது. ‘ஜூரி’ எனப்படும் மதிப்பீட்டு நாள் நெருங்க நெருங்க, அந்தக் கருத்தைத் தேடி மாணவர் பின்ட்ரெஸ்ட் போன்ற படத்தொகுப்புகளைப் புரட்டுகிறார். அங்கே காணும் பச்சைப் புல்வெளியும், கண்ணாடித் திரைபோல் விழும் நீரும், வெள்ளைக் கற்பாதையும் கண்ணுக்கு இனியவையே. ஆனால் அந்தப் புல்வெளி ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டில் உள்ளதா, அந்த நீரை ஏற்ற எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, அந்தக் கல்லின் மேல் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியுமா என்பவை படத்தில் தெரிவதில்லை. படம் ஒரு தீர்வைக் காட்டுகிறதே தவிர, அந்தத் தீர்வு எந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது என்பதைக் காட்டுவதில்லை. தூண்டுதலைத் தேடுபவருக்கு வேண்டியதோ அந்தச் சிக்கல்தான்.

வெளியே தேடியும் உள்ளூரைக் கண்டடைந்தவர்கள் உண்டு. பிரேசில் நாட்டு ராபர்ட்டோ புர்லே மார்க்ஸ் 1928இல் பெர்லினுக்குச் சென்ற இளைஞர். அங்குள்ள டாலெம் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில், தம் நாட்டில் யாரும் தோட்டத்துக்குரியதாக மதியாத பிரேசில் காட்டுச்செடிகள் பேணி வளர்க்கப்படுவதை அவர் கண்டார். தாயகம் திரும்பிய பின், ஐரோப்பாவிலிருந்து வந்த ரோஜாவுக்கும் செதுக்கிய வேலிச்செடிக்கும் பதிலாக அந்த உள்நாட்டுத் தாவரங்களையே நட்டுத் தோட்டக்கலையின் போக்கைத் திருப்பினார். அயல்நாட்டுப் பயணம் அவருக்குத் தந்தது, பிறந்த மண்ணைப் பார்க்கும் பார்வையை. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த இயன் மெக்ஹார்க், 1969இல் வெளியிட்ட ‘டிசைன் வித் நேச்சர்’ என்னும் நூலில் இந்தப் பார்வைக்கு ஒரு செயல்முறையே வகுத்தார். மண்வகை, சரிவு, நீரோட்டம், தாவரம் ஆகியவற்றைத் தனித்தனி ஒளிபுகும் தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எங்கே கட்டலாம், எங்கே கட்டவே கூடாது என்பது தானாகத் தெளிவாகும் என்பதே அம்முறை. இன்று கணினியில் நிலத்தகவல் அடுக்குகளை ஒப்பிடும் வழக்கத்துக்கு அது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இவ்விருவரையும் பாடநூலில் படிக்கும் மாணவர் ஒருவர் சங்கரன்கோவிலில் பிறந்தவராக இருந்தால், மெக்ஹார்க்கின் தாள்களை எங்கே விரிப்பது என்று அவர் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழைமறைவுப் பகுதியில், செம்மண்ணும் கரிசலும் மாறிமாறி வரும் வறண்ட நிலத்தில் அமைந்துள்ளது. ஆண்டு மழையின் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்றே தருவதால், சில வாரங்களில் விழும் நீரைப் பல மாதங்களுக்குத் தேக்கி வைப்பதே அங்கு வேளாண்மையின் அடிப்படை. அதற்காக வெட்டப்பட்ட குளங்கள் தனித்தனிப் பள்ளங்களாக நிற்பவை அல்ல. மேலே உள்ள குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும்படி சரிவறிந்து கோக்கப்பட்டவை. வரத்துக்கால், கரை, மடை, மறுகால், வயல் என்னும் வரிசையில் ஒன்றை அடைத்தாலும் கீழே உள்ள ஊர் அதை உணரும். கரையில் வரிசையாக நிற்கும் பனைகள், மண்ணைப் பிடித்து வைப்பதோடு நுங்கும் ஓலையும் தந்து, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் குளம் இருக்கும் இடத்தையும் காட்டுகின்றன. ஒரே பொருள் மூன்று வேலை செய்வதைத்தான் வடிவமைப்பு ஆசிரியர்கள் சிக்கனம் என்று பாராட்டுவார்கள்.

அவ்வூர்க் கோவிலின் தோற்றக்கதையும் நிலத்தைப் பற்றியதே. சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதி அம்மன் என்னும் மூன்று சன்னிதிகளையும் ஒன்பது நிலைக் கோபுரத்தையும் கொண்ட அக்கோவில் எழுவதற்கு முன் அவ்விடம் புன்னைவனமாக இருந்தது என்றும், வனத்தைக் காத்துவந்த காவற்பறையன் புதரையும் புற்றையும் வெட்டித் திருத்தியபோது புற்றுக்குள் இருந்த பாம்பு வெட்டுப்பட்டதாகவும், அங்கே இலிங்கம் இருப்பதைக் கண்டு அவர் சொல்ல, உக்கிரபாண்டியன் என்னும் அரசன் கோவில் எடுத்ததாகவும் தலபுராணம் கூறுகிறது. வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை எனினும், வடிவமைப்பு பயில்பவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அதில் உண்டு: கோவில் என்னும் மாபெரும் கட்டுமானம், நிரவப்படவிருந்த ஒரு மண்மேட்டை நிரவாமல் விட்ட முடிவிலிருந்து தொடங்குகிறது. இன்றும் புற்றுமண்ணே அங்கு பிரசாதம். வருவோர் அதை நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள், நீரில் குழைத்துத் தோல்நோய்க்குப் பூசுகிறார்கள். சுற்றுவட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் மண்ணுக்கும், கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கும், தாருகாபுரம் நீருக்கும், தென்மலை காற்றுக்கும், தேவதானம் ஆகாயத்துக்கும் உரியவை எனப்படுகின்றன. மெக்ஹார்க் தாள்களில் பிரித்த நிலக்கூறுகளை இந்த வட்டாரம் ஊர்களாகப் பிரித்து வைத்திருக்கிறது எனலாம். சிவராத்திரியன்று ஐந்து ஊர்களுக்கும் செல்பவர் அவற்றைத் தம் பயணத்தால் மீண்டும் ஒன்றாக அடுக்குகிறார்.

படத்தொகுப்புகள் முற்றிலும் விட்டுவிடும் இன்னொரு கூறு காலம். நிலக்காட்சி என்றால் ஓரிடத்தில் நின்று பார்க்கும் அழகிய தோற்றம் என்ற எண்ணம் ஐரோப்பிய ஓவியத்தின் வழியாக இத்துறைக்குள் வந்தது. தமிழ்த் திணைக்கோட்பாடோ நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. மரம், பறவை, தொழில், உணவு, தெய்வம் ஆகிய கருப்பொருள்களும், அங்கு வாழ்வோரின் ஒழுக்கமாகிய உரிப்பொருளும் அதன் பின்னரே வருகின்றன. கார்காலத்து மாலை இல்லாத முல்லை முழுமையான முல்லை ஆகாது. இந்தக் கோட்பாட்டை நூலில் மட்டும் படித்தவருக்கு அது இலக்கிய மரபு. ஆடித் தவசுத் திருவிழாவின்போது சங்கரன்கோவில் ரத வீதியில் நின்றவருக்கு அது கண்முன் நடக்கும் செய்தி. சாதாரண நாளில் கடைகளும் ஆட்டோக்களும் நிறைந்த அந்த வீதியின் அகலம், தேரின் அளவையும், அது முனையில் திரும்பத் தேவையான இடத்தையும், வடம் பிடிப்போர் நிற்கும் தூரத்தையும் கொண்டு அமைவது. கொடியேறிய நாள் முதல் ஆடிச்சுற்று என்னும் நேர்த்திக்கடனாக நூற்றொரு முறை, நூற்றெட்டு முறை என்று எண்ணிக்கொண்டு கோவிலைச் சுற்றுவோருக்கு அதுவே நடைபாதை. உத்திராட நாளில், தவமிருக்கும் கோமதி அம்மனுக்குச் சிவனும் திருமாலும் ஓருருவான சங்கரநாராயணர் காட்சி தரும் வேளையில், தம் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வற்றல், நெல் ஆகியவற்றை உழவர்கள் கூட்டத்தின் மேலே அள்ளி வீசிச் சூறை விடுகிறார்கள். அந்தச் சில மணி நேரம், சுற்றிலும் உள்ள கரிசலும் வயலும் நகரின் நடுத்தெருவுக்கு வந்து சேர்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி அந்த அகலம் வீணாகக் கிடக்கிறது என்று கணக்கிட்டு அதைக் குறைப்பவர், அளவை அறிந்தவரே தவிரப் பொழுதை அறிந்தவர் ஆகார்.

இவ்வளவும் சொன்ன பின் எழும் ஆபத்து, மரபை உடையாக உடுத்துவது. ஒரு பூங்காவை ஐந்து பாத்தியாகப் பிரித்துக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பலகை நட்டுவிட்டால் தமிழ் வடிவமைப்பு ஆகிவிடும் என்று எண்ணுவது எளிது. சங்கரன்கோவிலின் தலமரமே அந்த எண்ணத்தை மறுக்கிறது: இலக்கியத்தில் நெய்தல் நிலத்துக்குரிய புன்னை, கடலிலிருந்து விலகிய இந்த வறண்ட உள்நாட்டு ஊரின் தொல்கதையில் வனமாக நிற்கிறது. திணைகள் ஒன்றோடொன்று மயங்கும் என்பதை இலக்கணமே ஏற்கிறது; வறட்சியில் குறிஞ்சியும் முல்லையும் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆகவே திணை என்பது நிலத்தை வகைப்படுத்தி வைக்கும் பெட்டி ஆகாது. நிலம் எதனால் எப்படி மாறுகிறது என்று கேட்கும் முறை. சென்னையில் 2011இல் திறக்கப்பட்ட அடையாறு தொல்காப்பியப் பூங்காவின் பெயர் இலக்கணநூலிலிருந்து வந்தது. அதன் மதிப்போ, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டுச் சீரழிந்த கழிமுகத்தின் 58 ஏக்கரில் அவற்றை அகற்றி, நீர் வந்துபோக வழிவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய தாவரங்களை மீட்டதில் இருக்கிறது.

தொடாமல் விடுவதே எப்போதும் சரி என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையில் ஜெப்ரி பாவா 1948இல் வாங்கிய லுனுகங்கா தோட்டத்தில், வீட்டிலிருந்து ஏரியும் தொலைவில் உள்ள தாதுகோபமும் தெரிவதற்காக இடையில் இருந்த குன்றின் உச்சியையே தணித்தார். அரை நூற்றாண்டு அத்தோட்டத்துக்கு மீண்டும் மீண்டும் வந்து தங்கி, ஒவ்வொரு மாற்றத்தின் விளைவையும் தாமே கண்டு அடுத்ததை முடிவு செய்தவர் அவர். இடம் தந்த அறிவோடு வெட்டுவதும் ஒருவகை மதிப்பே என்பதற்கு அத்தோட்டம் சான்று. இதைவிடக் கனமான மறுப்பு சமூகத்திலிருந்து வருகிறது. இலிங்கத்தைக் கண்டவராகப் புராணம் போற்றும் காவற்பறையனின் வழியினரைத் தமிழகத்துக் கோவில்கள் நெடுங்காலம் வாயிலுக்கு வெளியே நிறுத்தின. மதுரை மீனாட்சியம்மன் கோவில் நுழைவு நிகழ்ந்த 1939ஆம் ஆண்டும், சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த 1947ஆம் ஆண்டும் அந்த நிலைமையை மாற்றத் தேவைப்பட்டன. தெருவும் மதிலும் குளத்துப் படித்துறையும் நீரையும் தேரையும் மட்டும் கருதி அமைந்தவை அல்ல, யார் எதுவரை வரலாம் என்பதையும் அவை எழுதி வைத்தன. முன்னோர் விட்டுச்சென்ற அனைத்தையும் அப்படியே காப்பவர் அந்த எழுத்தையும் சேர்த்தே காக்கிறார்.

எனவே எதை விடுவது, எதை மாற்றுவது என்பதற்குப் பழமையும் அளவுகோல் ஆகாது, புதுமையும் ஆகாது. அந்த இடத்தைப் பயன்படுத்துவோர் முன் நின்று, இது ஏன் இருக்கிறது, எடுத்தால் யாருக்கு என்ன நேரும், வைத்தால் யாருக்கு என்ன நேரும் என்று காரணம் சொல்ல முடிவதே அளவுகோல். மறுகாலுக்கு அந்தக் காரணத்தைக் கீழ்க்குளத்து உழவரிடம் சொல்லலாம். ரத வீதியின் அகலத்துக்கு ஆடிச்சுற்று நடப்பவரிடம் சொல்லலாம். ஒருவரை வெளியே நிறுத்திய மதிலுக்கு அவரிடம் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை. வடிவமைப்பு மாணவர் மதிப்பீட்டுக்கு வைக்கும் வரைபடங்களில், தாம் புதிதாகச் சேர்ப்பவற்றைக் காட்டும் தாளுக்கு முன்னதாக, தாம் தொடாமல் விடுபவற்றையும் அவற்றின் காரணங்களையும் பட்டியலிடும் தாள் ஒன்று இருக்குமானால், ‘கான்செப்ட் என்ன?’ என்ற கேள்விக்கு அந்தத் தாளே பாதி விடையாகும். மீதிப் பாதியை அவருடைய கற்பனை நிரப்பலாம். நிரப்ப வேண்டிய இடம் எது என்பது அப்போதுதான் அதற்குத் தெரிந்திருக்கும். துறைக்கு வெளியே வாழ்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்: தம் காலத்தில் தாம் எழுப்பியவற்றுக்குப் பொறுப்பேற்பதைப் போலவே, தாம் விட்டுவைத்தவற்றுக்கும் ஒருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.