சரியான முடிவும் தவறான ஏதுவும்

ஒரு முடிவு சரியாக இருந்தால் போதுமா, அதற்கான காரணமும் சரியாக இருக்க வேண்டுமா என்பது அளவை நூலாரின் பழைய கேள்வி. நியாய தரிசனம் இரண்டாவதையே வற்புறுத்துகிறது. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவது முறையான அனுமானம். நெருப்பைக் கண்டு புகையை அனுமானிப்பது பிழை. ஈர விறகு இருந்தால்தான் புகை எழும். கண்ணில் படாமல் இடையில் நிற்கும் இத்தகைய நிபந்தனையை நையாயிகர்கள் உபாதி என்றனர். மணிமேகலையின் 29ஆம் காதையும், பௌத்த அளவை மரபில் நின்று, ஏதுப்போலிகளை, அதாவது ஏதுவாகிய காரணம்போல் தோன்றும் போலிகளை, வகை வகையாக விரித்துரைக்கிறது.

இயந்திரக் கற்றலில் இது உயிர்ப் பிரச்சினை. 1990களில் அமெரிக்காவில், நிமோனியா நோயாளிகளில் யாருக்கு இறப்பு அபாயம் அதிகம் என்று கணிக்கப் பல மாதிரிகள் உருவாக்கப்பட்டன. மிகத் துல்லியமானது நரம்பியல் வலைப்பின்னல்; ஆனால் அதன் உள்ளே நடப்பதைப் படிக்க முடியாது. அதே தரவில் பயின்ற, விதிகளாக வாசிக்கக்கூடிய இன்னொரு மாதிரி, ஆஸ்துமா உள்ளவருக்கு அபாயம் குறைவு என்று கற்றிருந்தது. தரவு பொய் சொல்லவில்லை. ஆஸ்துமா நோயாளிகள் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டதால் பிழைத்தார்கள். அந்தச் சிகிச்சையே இங்கு உபாதி. விதியை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் உயிர்கள் போயிருக்கும். அதே தரவில் பயின்ற வலைப்பின்னலும் இப்பிழையைக் கற்றிருக்கலாம்; உள்ளே பார்க்க வழியில்லாததால் அதை நோயாளிகளிடம் பயன்படுத்தாமல் கைவிட்டனர். 2015இல் ரிச் கருவானா குழுவினர், ஒவ்வொரு காரணியின் பங்கையும் தனித்தனி வரைபடமாகக் காட்டும் மாதிரியை முன்வைத்தனர். அதில் இப்பிழையை மருத்துவரே கண்டு திருத்தலாம்.

படிக்க முடியாத மாதிரிகளை விளக்க முயலும் லைம் (LIME), ஷாப் (SHAP) போன்ற முறைகள் முடிவுக்குப் பின் தரும் விளக்கம் தோராயமானது. மாதிரி உண்மையில் எதை ஏதுவாகக் கொண்டது என்பதற்கு அது உறுதி ஆகாது. உயிரையும் சிறைவாசத்தையும் தீர்மானிக்கும் இடங்களில் தொடக்கம் முதலே படிக்கத்தக்க மாதிரிகள்தாம் வேண்டும்.