நோவு யாருடையது?

ஒருவனுடைய நோவை அவனைக் காட்டிலும் நன்கறிந்தவர் வேறொருவர் இருக்க முடியுமா? முடியாது என்றே எவரும் உடன் விடை கூறுவர். ஆயினும் நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் கோயில் வீதிகளிலும் நாம் நடத்தும் வாழ்க்கையோ, முடியும் என்ற விடையின்மீதே கட்டப்பட்டிருக்கிறது. பெற்றோர் அறிவர்; ஆசிரியர் அறிவர்; பெரியோர் அறிவர். நொந்தவன் மட்டும் அறியான். நானும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டினால் பயன்பெற்று வந்தவனே. இதனை ஐயுறத் தொடங்கியது என் வலது முழங்கால் வீங்கிய பின்னர்தான்.

இரண்டாண்டுகளுக்கு முன், விடைத்தாள்கள் திருத்தித் திருத்தி முதுகு கூனத் தொடங்கிய காலத்தில், நண்பரொருவர் வற்புறுத்தலால் யாழ்ப்பாண நகரில் ஒரு யோக வகுப்பிற் சேர்ந்தேன். மைசூர் சென்று பயின்று வந்த ஒருவர் தம் வீட்டு விறாந்தையில் அதனை நடத்துகிறார். அங்கே கற்பிக்கப்படும் முறைக்கு அஷ்டாங்க விந்யாசம் என்று பெயர். கண்ணை மூடி அமர்ந்திருக்கும் யோகத்தை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு முதல் நாளே மூச்சு வாங்கியது. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு மூச்சு. தொண்டையில் உரசி ஒலிக்கும் அம்மூச்சின் கணக்குப்படி உடல் எழும், மடியும், பின்னே பாயும், மீண்டும் கைகளுக்கிடையே வந்து அமரும். சூரிய நமஸ்காரத்தின் முதல் வகையில் 9 அசைவுகள். இரண்டாம் வகையில் 17. இவற்றைச் செய்து முடிக்குமுன்பே பாய் நனைந்துவிடும். பின்னர் நின்று செய்வன, அமர்ந்து செய்வன, தலைகீழாய் நிற்பன என ஒன்றரை மணி நேரம் இடைவிடாது செல்லும். கிழமையில் ஆறு நாள் பயிற்சி. சனிக்கிழமையும் பூரணை, அமாவாசை நாள்களும் ஓய்வு. (பூரணை விடுமுறையை நமக்கு அரசாங்கமே தந்துவிடுகிறது.) வரிசையை எவரும் மாற்றலாகாது. ஓர் ஆசனம் கைவந்த பின்னரே அடுத்ததை ஆசான் தருவார். தராத ஆசனத்தைத் தானாகச் செய்பவன் வரம்பு மீறியவனாவான்.

இப்பயிற்சியைப் பழிப்பது என் நோக்கமன்று. முதல் மூன்று மாதங்களில் நான் பெற்ற நன்மை சிறிதன்று. முதுகு நிமிர்ந்தது, உறக்கம் வந்தது. அவற்றினும் பெரிதாக, மனம் எங்கும் ஓடாது மூச்சோடு நின்றது. குண்டுச் சத்தத்தின் நடுவே பிள்ளைப் பருவத்தைக் கழித்த எங்கள் தலைமுறையினருக்கு, சொந்த உடலுக்குள் அச்சமின்றி இருப்பதென்பதே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. அதனை எனக்குக் கற்றுத் தந்தவர் அந்த ஆசான். நன்றி மறக்கவில்லை.

ஒரு காலை அரைப் பத்மாசனமாக மடித்து, மறு காலை ஊன்றி, உடலைத் திருகிக் கைகளை முதுகின் பின்னே கோக்கும் மரீசியாசனத்தில் வந்து நின்றேன். கைகள் எட்டவில்லை. ஒருநாள் ஆசான் என் பின்னே அமர்ந்து, மடித்த தொடையைத் தம் முழங்காலால் அழுத்திக்கொண்டு என் கைகளை இழுத்துக் கோத்தார்.

“நோகுதோ?” என்று கேட்டார்.

“இல்லை மாஸ்ரர்” என்றேன்.

நொந்தது, மிக நொந்தது. அவர் மேலும் அழுத்தினார். முழங்காலினுள்ளே சிறு ஒலியொன்று கேட்டது. ஆறு வாரம் நொண்டி நடந்தேன்.

அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். ஏன் சொன்னேன்? நோகுது என்று சொல்வது அவருடைய அறிவின்மேல் ஐயங்கொள்வதாகும் என்று எனக்குப்பட்டது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பரம்பரை பரம்பரையாக வந்த முறை இது. இதில் நோவு உண்டாகுமானால் குற்றம் என் உடலினதே என்று நான் நம்பினேன்.

அந்தப் பரம்பரை எத்தகையது என்று, கால் நீட்டிக் கிடந்த அந்த வாரங்களில் தேடிப் படித்தேன். பதஞ்சலி ஆசனத்துக்கு ஒதுக்கியவை மூன்றே சூத்திரங்கள். நம் திருமூலர் மூன்றாந் தந்திரத்தில் எட்டு உறுப்புகளையும் விரித்தாராயினும் ஆசனங்களைச் சிலவற்றோடு முடித்துக்கொண்டார். கொழும்புத்துறைக் குடிசையில் யோகர் சுவாமிகளை (1872–1964) நாடிச் சென்றவர்கள் பாய்ந்து பாய்ந்து செய்யும் பயிற்சிக்காகச் சென்றாரல்லர். நான் பயின்ற முறையின் ஊற்று, 1933இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில், மகாராஜாவின் ஆதரவோடு கிருஷ்ணமாசாரியார் (1888–1989) தொடங்கிய யோகசாலை. மல்லர் பயிற்சி, தண்டால், ஐரோப்பியத் தேகாப்பியாசம் முதலியவற்றின் சாயல் அங்கு கலந்தது என்பதை நோர்மன் ஸ்யோமன் 1996இலும் மார்க் சிங்கிள்டன் 2010இலும் வெளியிட்ட ஆராய்ச்சி நூல்கள் காட்டுகின்றன. கிருஷ்ணமாசாரியாரின் மாணவரும் இம்முறையை உலகெங்கும் பரப்பியவருமான பட்டாபி ஜோயிஸ் (1915–2009), ‘யோக குருண்ட’ என்னும் பழஞ்சுவடியே இதற்கு மூலம் என்றார். சுவடியை எறும்பு தின்றுவிட்டதாம். 1981இல் நூலகம் எரிந்ததைக் கண்ட ஊர் நம்முடையது. அழிந்த ஏடு என்றால் நமக்கு இரக்கமே முந்தும். ஆனால் எரிந்த நம் நூல்களைக் கையால் தொட்டுப் படித்தவர்கள் நம்மிடையே இருந்தனர். அந்தச் சுவடியைப் படித்தவரென்று வேறு சாட்சி எவருமில்லை.

ஒரு முறை புதியதாயிருப்பதிற் குற்றமில்லை. நூறாண்டும் நிரம்பாத நல்ல காரியங்கள் எத்தனையோ உள. பழமை என்ற பெயர் எதற்குப் பயன்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது. கிருஷ்ணமாசாரியாரின் மைத்துனராய் மைசூரில் வளர்ந்த பி. கே. எஸ். ஐயங்கார் (1918–2014), ஆசானின் அடியின் கடுமையையும், ஆயத்தமில்லாத உடலோடு அனுமானாசனம் செய்ய ஏவப்பட்டுத் தொடைத்தசை கிழிந்ததையும் பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கிறார். அவ்வாறு நொந்தவரே மாணவரை அறைந்து அதட்டிக் கற்பிப்பவர் என்று பின்னாளில் பெயரெடுத்தார்.

ஜோயிஸைப் பற்றிய செய்தி இதனினும் கொடிது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்தபின், 2017 முதலாக, அவரிடம் பயின்ற பெண்கள் பலர், ஆசனத்தைத் திருத்துவதென்ற பெயரில் அவர் தம்மைத் தகாதவாறு தொட்டார் என்று வெளிப்படையாகக் கூறினர். 2019இல் அவருடைய பேரனும் மாணாக்கருமான சரத் ஜோயிஸ் அதற்காக மன்னிப்புக் கேட்டார். அப்பெண்கள் கூறியவை மறைவிடத்தில் நிகழ்ந்தவையல்ல. பலர் பயிலும் கூடத்தில், பலர் கண்முன் நிகழ்ந்தவை. பார்த்தவர்கள் அதனைத் திருத்தம் என்றே கண்டனர். பாதிக்கப்பட்டவர்களிற் சிலர்கூட, நெடுங்காலம் தமக்குத் தாமே அவ்வாறுதான் சொல்லிக்கொண்டனர். என் முழங்கால் நோவையும் அவர்கள் பட்ட இழிவையும் ஒரு நிறையில் வைப்பது தவறு. ஆயினும் இரண்டிடத்தும் வாயை அடைத்தது ஒன்றே. உன் உடலை உன்னிலும் நானறிவேன் என்னும் உரிமை அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சிறிதும் ஒப்புக்கொடாமல் எந்த வித்தையைத்தான் கற்க முடியும்? இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில் பயின்ற பிள்ளைகள் விரல் வீங்க வீங்க அன்றோ பயின்றனர்? உண்மை. இந்த மறுப்பை நான் இலேசாகத் தள்ளவில்லை. என் மாணவர்களும் யாப்பிலக்கணத்தை விருப்பத்தால் மட்டும் கற்றுவிடுவதில்லை. ஆனால் வித்தையின் கடினம் வேறு. வித்தை சொல்பவரின் கடுமை வேறு. முன்னதைத் தவிர்க்க முடியாது. பின்னதை முன்னதன் பெயரால் நடமாட விடுகிறோம். மேலும், தசை இழுபடும் நோவும் மூட்டுக் கெடும் நோவும் ஒன்றல்ல. அவ்விரண்டையும் பிரித்தறியக்கூடிய இடம் மாணவனுடைய உள்ளிடம் ஒன்றே. எத்துணை வல்ல ஆசானின் கையும் வெளியே நின்று ஊகிக்கத்தான் முடியும். யோகம் என்பது தன்னைத் தான் உற்றறிதலாயின், அது முதலிற் கூர்மையாக்க வேண்டியது இந்த அறிவையன்றோ? நோவை மறைக்கப் பழகியவன் ஆசனத்தைப் பெறக்கூடும். உற்றறியும் கருவியை இழந்துவிடுகிறான். கிருஷ்ணமாசாரியாரே மைசூரை விட்டுச் சென்னையில் வாழ்ந்த பிற்காலத்தில் அவரவர் உடலுக்கும் வயதுக்கும் நோய்க்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றி அமைத்தார். அந்த வழியிலேயே அவர் மகன் தேசிகாசார் 1976இல் ஒரு யோக மந்திரம் நிறுவினார். பரம்பரையின் தலைவரே வளைந்து கொடுத்த பிறகு, மாணவன் மட்டும் வளையாத பரம்பரைக்கு வளைய வேண்டும் என்பது வேடிக்கை.

நம் மண்ணில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. உடலை ஒப்புக்கொடு என்ற சொல் எல்லார் காதிலும் ஒன்றுபோல் விழுவதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே செல்லும் உரிமை கேட்டு நின்றவர்களின் முன்னோர்க்கு, குனிவதும் ஒதுங்குவதும் சால்வையை இறக்குவதும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட ஆசனங்கள். அவற்றையும் வழக்கம் என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கும் நோகவில்லை என்றுதான் மற்றவர்கள் அறிந்துவைத்திருந்தார்கள்.

இனி என்னைப் பற்றி. என் வகுப்பறை அலுமாரியில் ஒரு பிரம்பு இருக்கிறது. உடல் தண்டனையை விலக்கி 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் வந்தது எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். அதனை நான் அடிக்கடி எடுப்பதில்லை என்பதை ஒரு பெருமையாகவே எண்ணியிருந்தேன். நொண்டி நடந்த அந்நாள்களில் ஒருநாள், கட்டுரை எழுதி வராத பத்தாந் தர மாணவனொருவனை மேசைக்கு அழைத்தேன். ஏன் எழுதவில்லை என்று கேட்கவே அழைத்தேன். நான் வாய் திறக்குமுன் அவன் கையை நீட்டினான். முகத்தில் அச்சமில்லை, வெறுப்பும் இல்லை. “கையை எடு” என்றேன். அவன் விளங்கிக்கொள்ளாமல் மறு கையை நீட்டினான்.

காரணத்தை அவனிடமிருந்து அறிய நான்கு நாள் சென்றது. கொப்பி முடிந்துவிட்டது, புதிது வாங்க வீட்டிற் பணமில்லை. அவ்வளவுதான். அதைச் சொல்வதைவிட அடி வாங்குவது அவனுக்கு எளிதாயிருந்தது. பிரம்பை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். ஆனால் மேசைக்கு அழைத்தால் அவன் கை இன்றும் சிறிது முன்னே வருகிறது.

முழங்கால் ஆறியபின் மீண்டும் யோக வகுப்புக்குச் சென்றேன். மரீசியாசனத்தில் ஆசான் வழமைபோலப் பின்னே வந்து அமர்ந்தார். “நோகுதோ?” என்று கேட்டார். “நோகுது மாஸ்ரர்” என்றேன். கையை எடுத்துவிட்டார். “அப்ப இதோடை நிக்கட்டும்” என்று சொல்லி அடுத்த பாய்க்குப் போனார். அவர் குரலிற் சினம் இருந்ததா என்று என்னால் அறிய முடியவில்லை. இப்போதும் காலை ஐந்து மணிக்கு அங்கே செல்கிறேன். அடுத்த ஆசனம் எனக்கு இன்னும் தரப்படவில்லை.