மண்சட்டியும் பொன்சட்டியும்

'மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.' இந்தப் பழமொழியில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? இதைச் சொல்வது எப்போதும் மருமகள்தான். எந்த மாமியாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முப்பது வருஷம் கழித்து அதே மருமகள் மாமியாராகும்போது பழமொழி மறந்துவிடுகிறது. சட்டிக்கு விலை வைக்கும் வேலை அவர் கைக்கு வந்துவிடுகிறது அல்லவா!

சட்டம் போடுகிறவர்கள் கதையும் ஏறக்குறைய இதேதான்.

1878-ல் லிட்டன் பிரபுவின் அரசாங்கம் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தது. ஒன்று பத்திரிகைச் சட்டம். இந்திய மொழிகளில் அச்சடித்தால்தான் கடிவாளம். இங்கிலீஷில் எழுதினால் ஒன்றுமில்லை. இன்னொன்று ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1883-ல் இல்பர்ட் என்ற சட்ட உறுப்பினர், மாவட்டங்களில் வெள்ளைக்காரர்களை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். தோட்ட முதலாளிகள் கொதித்து எழுந்துவிட்டார்கள். 'கறுப்பன் முன்னால் நாங்கள் கைகட்டி நிற்பதா?' என்பதுதான் விஷயம். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. வெள்ளைக்காரர் விரும்பினால், பாதிப் பேராவது ஐரோப்பியரோ அமெரிக்கரோ இருக்கும் ஜூரியைக் கேட்டு வாங்கலாம் என்று 1884-ல் முடிவானது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு!

இந்தக் கோபம் எங்கே போய் முடிந்தது என்று பார்க்க, குற்றாலம் போகும்போது பக்கத்திலிருக்கும் செங்கோட்டை வரை ஒரு நடை போய்வாருங்கள். அங்கே வாஞ்சிநாதன் சிலை இருக்கிறது. வ.உ.சி. கப்பல் விட்டதும், 1908-ல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அவர் கைதானதும் திருநெல்வேலியில் எழுந்த கலகத்தில் போலீஸ் சுட்டு நான்கு பேர் செத்தார்கள். 1911 ஜூன் 17-ம் தேதி, மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயிலுக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, வாஞ்சி தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது 25.

அவர் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. படித்தால் தியாகத்தின் சூடு தெரியும். ஆனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எல்லோருக்கும் ஒரே நீதி வேண்டும் என்று அது கேட்கவில்லை. சனாதன தர்மம் மிதிபடுகிறதே என்றுதான் குமுறியது. ஆளுகிறவனை 'மிலேச்சன்' என்றது. அவன் நம்மை 'நேட்டிவ்' என்று கீழே தள்ளினான். நாம் அவனை மிலேச்சன் என்று இன்னும் கீழே தள்ளினோம். ஏணி அப்படியே இருந்தது. யார் எந்தப் படியில் நிற்பது என்பதில்தான் தகராறு.

இன்னொரு விஷயம். வாஞ்சியின் ஊர் ஆஷ் ஆண்ட ஜில்லாவில் இல்லை. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த ராஜ்யத்தின் சட்டம் மட்டும் சமமாகவா இருந்தது? நாடார் பெண்கள் மாரை மறைக்கலாமா, மறைத்தால் எந்த மாதிரித் துணியால் மறைக்கலாம் என்றெல்லாம் அங்கே அரசாணை போட்டார்கள். வைக்கம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்கே 1924-ல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோயில் கதவு திறக்க 1936 ஆயிற்று. இதையெல்லாம் போட்டவன் வெள்ளைக்காரன் இல்லை சார். நம்ம ஆட்கள்தான்.

வைக்கம் போராட்டம் நடந்த அதே சமயம், திருநெல்வேலிச் சீமையில் இன்னொரு கூத்து. வாஞ்சிக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவராகச் சொல்லப்படும் வ.வே.சு. ஐயர், காங்கிரஸ் பணமும் வாங்கி, சேரன்மாதேவியில் தேசபக்திக்காகவே ஒரு குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டொருவருக்குச் சாப்பாடு தனியாக! பெற்றோர் கேட்டார்களாம், கொடுத்தார்களாம். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் சும்மா விடவில்லை. சுதந்திரத்துக்காக உயிரைப் பணயம் வைத்தவர் ஐயர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே இரண்டு பந்தி இருந்தது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

அநியாயத்தைக் கீழேயிருந்து பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். மேலே நிற்கும்போதும் தெரிகிறதா? அதுதான் பரீட்சை.

'இப்போதுதான் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் ஆயிற்றே' என்பீர்கள். வாஸ்தவம். 1950 முதல் அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. தீண்டாமையை 17-வது பிரிவு ஒழித்துவிட்டது. ஆனால் சட்டம் போடுகிறவர்கள் சட்டசபையில் மட்டுமா இருக்கிறார்கள்? உங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் கை தூக்குகிறீர்களே, அதுவும் சட்டம்தான். வேலைக்கு வரும் அம்மா எந்த லிஃப்டில் ஏறலாம், அவருக்குக் காபி எந்த டம்ளரில், வாடகைக்கு வருகிறவரிடம் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கலாமா... இதற்கெல்லாம் தீர்ப்பு எழுதுவது நீங்களும் நானும்தான்.

வெளிநாட்டு ஏர்போர்ட்டில் நம் தோலைப் பார்த்துத் தனியே ஒதுக்கி நிற்க வைத்தால் நமக்கு எவ்வளவு கோபம் வரும்! வரட்டும், நியாயமான கோபம்தான். ஊர் திரும்பியதும் அந்தக் கோபத்தைக் கொஞ்சம் வீட்டு அடுப்படிக்கும் கொண்டுபோங்கள். அங்கே டம்ளர்களை எண்ணிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் தனியாக மூலையில் இருக்கிறதா?