யார் பெயரை எழுதுவது?

நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டு நிறைவதையொட்டி, 2020-ஐத் தாதியருக்கும் மருத்துவச்சியருக்கும் உரிய ஆண்டென்று உலக சுகாதார நிறுவனம் கொண்டாடியது. அந்த மார்ச் 11-ல் அதே நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்றது. நல்ல கொண்டாட்டம்!

கவச உடை போதாத அந்நாட்களில், கொரோனா வார்டுக்கு யாரை அனுப்புவதென்று தலைமைத் தாதி பட்டியல் எழுத வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்காரியை விலக்கலாம். அப்படியானால் மணமாகாதவளின் உயிர் மலிவா? சீட்டுக் குலுக்கினால் நியாயம்போல் தோன்றும். வென்டிலேட்டர் பழகாதவள் பெயர் வந்துவிட்டால் நோயாளியின் கதி என்ன?

‘நானே போகிறேன்’ என்று முன்னே நடப்பவளைத்தான் கதாசிரியர்களுக்குப் பிடிக்கும். (எனக்கும்தான், அத்தியாயத்தை முடிக்க வசதி.) ஆனால் அவள் படுத்துவிட்டால் நாளைய பட்டியலை யார் எழுதுவது? தன் முறைக்குத் தானும் போய்விட்டு, மற்ற நாட்களில் மேஜையருகே இருந்து, ‘ஏன் என் பெயர்?’ என்று கேட்டு வருகிற பெண்ணை உட்காரவைத்து உண்மைக் காரணத்தைச் சொல்லுகிறாளே, அவளையே நான் துணிந்தவள் என்பேன். கேட்டவள் சமாதானமாகாமலே எழுந்து போகலாம்.