எண்ணிக்கையும் நன்றியும்

பிறரிடம் பெற்றதைப் பெற்றதாக வெளிப்படையாகக் கூறுதல் அறிவுலகின் முதல் அறமாகும். தொல்காப்பியர் தம் விதிகளை வகுக்குமிடத்து, அவை முன்னைப் புலவர் கூறியவை என்று பலகாலும் சுட்டிச் செல்கின்றார். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். இன்றைய அறிவியலார் தம் கட்டுரைகளில் முந்தைய ஆய்வுகளை மேற்கோளாகக் காட்டுவதும் அந்நன்றியின் மற்றொரு வடிவமே எனலாம்.

ஆயின், நன்றியை எண்ணிக் கணக்கிடத் தொடங்கினால் என்ன நேரும்? 1964இல் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு அறிவியல் மேற்கோள் அகராதியை வெளியிட்டார். ஓர் ஆய்வு எந்தெந்த ஆய்வுகளுக்கு வித்தாயிற்று என்று தேடியறிய உதவுவதே அதன் நோக்கம். நாளடைவில் தேடும் விளக்கு நிறுக்கும் தராசாயிற்று. 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர் வகுத்த குறியீட்டின்படி, ஒருவருடைய கட்டுரைகளில் இருபது, ஒவ்வொன்றும் இருபது முறையேனும் மேற்கோளாகியிருப்பின் அவர் மதிப்பு இருபது. மூன்றே கட்டுரை எழுதியவர், அவை உலகையே மாற்றினும், மூன்றைத் தாண்ட இயலாது!

பெட்டாலிங் ஜெயாவை ஒட்டி அமைந்துள்ள மலாயாப் பல்கலைக்கழகம், 2006இல் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்ட நான்கனுள் ஒன்று. அங்கு லேசர் ஒளியைக் கொண்டு ஆராய்வோரும் உளர். உலகெங்கும் அத்தகைய ஆய்வாளர் ஒருவரின் பெயரைக் கேட்டவுடன், அவர் என்ன கண்டார் என்பதற்கு முன், எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று வினவும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அவ்வினா போதுமானதா என்பதை அவர்தம் துறையின் வரலாற்றைக் கொண்டே ஆராயலாம்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1928ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கல்கத்தாவில் தம் புகழ்பெற்ற விளைவைக் கண்டார். பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியில் பெரும்பகுதி நிறம் மாறாமலே வெளிப்படும். ஏறத்தாழக் கோடி ஒளித்துகளில் ஒன்றே மூலக்கூற்றின் அதிர்வுக்கேற்பத் தன் நிறம் மாறி வரும். அந்த ஒன்றே பொருளின் உள்ளமைப்பை உரைக்கின்றது. எண்ணிக்கையே அளவுகோலாயின், தள்ளப்படவேண்டியது அந்த ஒன்றுதான் அன்றோ?

கண்டுபிடிப்பின் வாழ்வும் அத்தகையதே. பாதரச விளக்கின் துணையால் அம்மெல்லிய ஒளியைப் பதிவு செய்ய நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அகச்சிவப்பு நிறமாலைக் கருவிகள் எளிதாகக் கிடைக்கவே, இராமன் முறை பின்தங்கியது. 1960இல் மைமன் லேசரை உருவாக்கினார். வலிமைமிக்க ஒரே நிற ஒளி கைவந்தபின் அம்முறை புத்துயிர் பெற்றது. இன்று மருந்துகளையும் மணிக்கற்களையும் ஆராய அது பயன்படுகின்றது. 1950களில் கணக்கெடுத்தவர் அதனை வாடிய மரம் என்றே எழுதியிருப்பார்.

மற்றொரு வியப்பும் உண்டு. இராமன் நிறமாலையைக் கையாளும் எண்ணற்ற கட்டுரைகள் 1928ஆம் ஆண்டின் மூலக் கட்டுரையைச் சுட்டுவதில்லை. அவ்வுண்மை பொதுச் சொத்தாகிவிட்டது. நெல்லை முதலில் விதைத்தவன் யார் என்று கேட்டபின் எவரும் உண்பதில்லை. இங்கு மேற்கோள் குறைந்தது பயன் குறைந்ததால் அன்று. பயன் முழுமையாகப் பரவியதால்.

பெயரும் முழுக்கணக்கன்று. 1928 மார்ச்சு 31இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த மடலில் ஒப்பமிட்டவர் இருவர்: இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும். அதே காலத்தில் மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க்கும் மான்டெல்ஸ்டாமும் படிகங்களில் அதே நிகழ்வைக் கண்டனர். ஆயினும் விளைவு ஒருவர் பெயரையே பெற்றது. 1930இல் நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது. எனினும் பரிசேற்று ஆற்றிய சொற்பொழிவில் இராமன் கிருஷ்ணனின் பங்கினைக் குறிப்பிட்டார். எந்தத் தொகையிலும் ஏறாத அச்சொல்லே உண்மையான மேற்கோள்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். எண்ணிக்கையை விலக்கிவிட்டால் தகுதியை எவ்வாறு அறிவது? செல்வாக்கும் உறவும் ஆட்சி செய்யாவோ? ஐயம் நியாயமானதே. பரிந்துரைப்பார் இல்லாத எளியவனுக்கு எண் ஒரு துணை. அதனை முற்றாக ஒதுக்குதல் அறமன்று. ஆயின் எண் சான்று கூறலாம், தீர்ப்புக் கூறலாகாது. தீர்ப்புக் கூறுவோர் கட்டுரையைப் படித்தே ஆகவேண்டும். படிக்கும் உழைப்பைத் தவிர்க்கவே தொகையைக் கேட்பாராயின், குற்றம் எண்ணினுடையதன்று; சோம்பலினுடையது.

மேலும், நன்றி நாணயமாக மாறும்போது அது கெடுகின்றது. 'நீ என்னைச் சுட்டு, நான் உன்னைச் சுட்டுகிறேன்' என்னும் பண்டமாற்று அங்கே தொடங்கும். பயன் கருதிக் கூறும் நன்றி நன்றியாகுமா?

மாணவர் ஏட்டைத் திருத்தும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். மதிப்பெண் பக்கத்தின் ஓரத்தில் நிற்கின்றது; மாணவன் கண்டதோ பக்கத்தின் நடுவில் இருக்கின்றது. கோடியில் ஒன்றாக வரும் ஒளியைக் காண, இருளில் பொறுமையோடு காத்திருக்கும் கண்கள் வேண்டும்.