கிளிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததுண்டா?

கேள்வி: கொத்தனாரான என் வீட்டுக்காரர் சாரம் சரிந்து விழுந்து, தண்டுவடம் அடிபட்டுவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வல்லாள கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரைத் தாங்கிப் பிடித்த முருகன், இவரை மட்டும் ஏன் கைவிட்டான்?
(வாசகி, கீழ்பென்னாத்தூர்)

பதில்: கோபித்துக்கொள்ளுங்கள் அம்மா, உரிமை இருக்கிறது. முருகனோடு சண்டை போடாத அடியார் யார்? ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அண்ணாமலையார் கோயிலுக்கு வருகிறவர்களில் பலரும் அப்படித்தான். வல்லாள கோபுரத்தோடு அருணகிரியாரை முடித்துவிட்டு, கிளிக் கோபுரத்தை நிமிர்ந்தும் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறார்கள்.

மன்னன் பிரபுட தேவராயனுக்குப் பார்வை போயிற்று. பாரிஜாத மலர் வந்தால் கண் தெரியும், அதை அருணகிரியால்தான் கொண்டுவர முடியும் என்று மன்னனைத் தூண்டிவிட்டான் சம்பந்தாண்டான். பொறாமைக்காரன். அருணகிரியார் தம் உடலைக் கோபுரத்தில் கிடத்திவிட்டு, இறந்து கிடந்த கிளியின் உடலில் புகுந்து பறந்தார். அவர் திரும்புவதற்குள் அந்த உடலை எரித்துவிட்டார்கள். பூவோடு வந்தவருக்குத் திரும்பிப் போக உடம்பு இல்லை.

முருகன் பழைய உடம்பைத் திருப்பித் தந்தானா? மயிலாப்பூரில் சம்பந்தர் எலும்பிலிருந்து பூம்பாவையை எழுப்பிய நாடு இது. நினைத்திருந்தால் ஒரு நொடி வேலை. ஆனால் தரவில்லை. கந்தரனுபூதியை அந்தக் கிளி உடம்போடுதான் பாடினார் என்பது மரபு. திருப்புகழா அனுபூதியா, எது உயர்ந்தது என்று புலவர்கள் அடித்துக்கொள்ளட்டும். உடம்பு போன பிறகும் அவர் பாடினார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

இந்தக் காலத்து ஆளைக் காட்டு என்பீர்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடி. அங்கும் பாலசுப்பிரமணியர்தான். எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூரு போனார். 1975 ஜனவரி 10 அன்று உடல்திறன் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்தது. 1981-இல் அதே மனிதர் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் வந்து தோள் கொடுத்தார். சங்கத்தின் பெயரில் இருக்கும் ‘அமர்’, ராமகிருஷ்ணனுக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். முருகன் வேலோடுதான் வரவேண்டுமா, ஸ்டெதஸ்கோப்போடு வரக்கூடாதா? 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

உங்களுக்கு இன்னும் பக்கத்தில் வேலூர். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கையில் உணர்ச்சி இழந்தவர்களுக்குக் காலில் உணர்ச்சி இழந்தவர் வைத்தியம்! 1966-இல் அவர் முயற்சியில் எழுந்த மறுவாழ்வு மையம் இன்றும் பாகாயத்தில் இருக்கிறது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரை நேரத்துக்கு வெளியேற்றுவது, வீட்டு வாசலை எப்படி மாற்றுவது எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் பேருந்துக்கா பஞ்சம்? போய்வாருங்கள்.

இன்னொன்று. உங்கள் கணவருக்கு ரசமட்டம் பார்த்த கண் கெட்டுவிடவில்லை. ஒரு சுவருக்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கணக்குச் சொல்ல கால் எதற்கு? அவரை மூலையில் படுக்கவைத்து, துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: முதுகெலும்பு முறிவது முன்ஜென்மப் பாவம் என்கிறாரே எங்கள் ஊர்ப் பெரியவர்?

பதில்: சாரத்தை ஒழுங்காகக் கட்டாதவனின் இந்த ஜென்மத்துப் பாவத்தை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு நடை வந்தால் அவனையே அங்கப்பிரதட்சணம் செய்யவைப்பதாக வேண்டிக்கொண்டேன். நடை வரவில்லை. இப்போதே உருட்டிவிட்டால் சாமி மனம் இரங்குமா?

பதில்: கூடவே கூடாது! உணர்ச்சியில்லாத தோல் கல்லில் உரசினால் அவனுக்கு வலிக்காது, அதுதான் ஆபத்து. அன்று சிராய்ப்பு, அடுத்த வாரம் புண், அடுத்த மாதம் ஆஸ்பத்திரி. மதிய வெயிலில் பிரகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலை வைத்தாலும் கொப்பளித்துப் போகும், அவனுக்குத் தெரியவே தெரியாது. காலுக்குத் துணி சுற்றுங்கள். கிழவிகள் சொல்லும் சூட்டு ஒத்தடமும் வேண்டாம். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறீர்களே, தினமும் நடக்கும் அந்தப் பிரதட்சணம் போதும் அண்ணாமலையாருக்கு.

கேள்வி: தெருவில் உருண்ட சக்கர நாற்காலியைக் கோயிலுக்குள் கொண்டுபோவது தீட்டு என்று தடுக்கிறார்கள். வீட்டிலிருந்தே மனதில் கும்பிட்டால் போதாதா?

பதில்: தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் சாமியே சக்கரத்தில் ஏறித்தான் மாடவீதி சுற்றுகிறார். ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்தால் சுத்தம், அவ்வளவுதான்.

மனதில் கும்பிடுவதற்குத் திருநின்றவூர்ப் பூசலாரை விட யார் சாட்சி? நெஞ்சுக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்கும் நடத்தியவர். ஆனால் கையில் காசில்லாததால் அவர் அப்படிக் கட்டினார். நன்கொடைக் கல்வெட்டு வைக்கக் காசிருக்கும் கோயில்கள், இரண்டு படிக்கு ஒரு சாய்தளம் போடாமல் பூசலாரைச் சாக்குச் சொல்லக் கூடாது. பொதுமக்கள் வரும் இடங்களில் இந்த வசதி வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது. வீட்டில் கும்பிடுங்கள், கோயிலில் சாய்தளமும் கேளுங்கள்.

கேள்வி: சக்கர நாற்காலியில் கிரிவலம் வந்தால் பலன் உண்டா?

பதில்: நடந்து வருகிறவர்களில் பாதிப்பேர் செல்போனில் பேசிக்கொண்டே வருகிறார்கள். அவர்களுக்கு உண்டென்றால் உங்களுக்கு ஏன் இல்லை? பௌர்ணமி நெரிசல் வேண்டாம். சாதாரண நாளில் மாலையில் கிளம்புங்கள். 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களிலும் நிறுத்துங்கள், அப்போதெல்லாம் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பாரம் இறக்குங்கள். நடுவிலும் மறக்க வேண்டாம். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு அதற்குக் கீழே வியர்க்காது, உடம்பு சீக்கிரம் சூடேறும், ஈரத்துண்டு அவசியம். இரவு வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வைத்துப் பின்பக்கத் தோலில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தண்டுவடம் பலப்பட எந்த ராசிக்கல் மோதிரம் அணியலாம்?

பதில்: அந்தக் காசுக்குக் காற்று மெத்தை வாங்குங்கள்.