ஒளித்து வைத்த பாவம்



தபசுகாலம் தொடங்கிவிட்டால் சனிக்கிழமை சாயங்காலங்களில் நமது கோவிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை நீளுகிறது. அதைக் கண்டு சந்தோஷப்படுகிறேன். ஆனால் வரிசையில் நிற்கிறவர்களைவிட, தூணோரமாய்ச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்களையும், வரிசையில் நின்றும் ஒரே ஒரு பாவத்தைமட்டும் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். யாருடைய பாவசங்கீர்த்தனத்தையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. அப்படி எழுத எனக்கு உத்தரவுமில்லை. இங்கே வருவது என் சொந்தக் கதை.

எனக்குப் பத்து வயது. எங்கள் தாயார் சில்லறைப் பணத்தை அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்கு அடியில் வைத்திருப்பார்கள். ஊரில் தேர்த் திருநாள். அதிலிருந்து ஐந்து ரூபாய் நோட்டொன்றை எடுத்துப் போய், மிட்டாயும் ஒரு தகரக் குதிரையும் வாங்கினேன். குதிரையை மாட்டுக் கொட்டிலில் ஒளித்துவைத்தேன். தாயார் பணத்தைத் தேடினார்கள். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பாட்டியம்மாள்மேல் சந்தேகம் விழுந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. "இனி வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். நான் திண்ணையில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு மூன்று தடவை பாவசங்கீர்த்தனம் செய்தேன். தம்பியை அடித்தேன், இராச்செபம் சொல்லாமல் தூங்கினேன் என்று ஒழுங்காய்ச் சொன்னேன். நோட்டைச் சொல்லவில்லை. மூன்று தடவையும் நன்மை வாங்கினேன். கோவிலைவிட்டு வெளியே வரும்போது போனதைவிடப் பாரமாய் வந்தேன். சிறுபிள்ளைக்கு இதெல்லாம் பெரிய பாவமா என்று நீங்கள் கேட்கலாம். பணம் சிறிதுதான். அந்தக் கிழவியின் நல்ல பெயர் சிறிதல்லவே!

பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஞானஒடுக்கம் நடந்தது. முன்பின் அறியாத ஒரு குருவானவர் வந்திருந்தார். அவர் முகம் தெரியாதென்ற தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பாரோ என்றுகூடப் பயந்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தப் பாட்டி இப்போது எங்கே இருக்கிறாள், மகனே?" எனக்குத் தெரியவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் அபராதமாகக் கொடுத்துவிட்டு, "அவள் பெயரைக் கெடுத்தது உன் மௌனம், அதை நீதான் திருப்பிக் கொடுக்கவேண்டும்" என்றார். அருள்நிறை மந்திரங்களை அங்கேயே முடித்தேன். மற்றது முடிய நாலு நாள் சென்றது. தாயாரிடம் சொன்னபோது அவர்கள் என்னை ஒரு வார்த்தையும் சொல்லாமல், முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, விளக்கு வைக்கும் நேரமென்றும் பாராமல் பாட்டி வீட்டுக்கு நடந்தார்கள். நான் அரிசிப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். மறுநாள் விடியற்காலையில் பாட்டி வழக்கம்போல வந்து வாசல் தெளித்தாள். அன்று நான் உணர்ந்த விடுதலையைப் பிற்காலத்தில் குருமடத்தில் படித்த எந்த வேதசாஸ்திரப் புத்தகமும் எனக்கு அதைவிடத் தெளிவாய் விளக்கவில்லை.

தாவீது இராசாவைப் பாருங்கள். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகக்கொடுத்து, குழந்தை பிறக்குமட்டும் ஒன்றும் நடவாததுபோல் சிங்காசனத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நியாயம் தீர்த்துக்கொண்டிருந்தான். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கின பணக்காரனைப்பற்றி நாத்தான் தீர்க்கதரிசி சொன்னபோது, அந்தப் பணக்காரன் சாகவேண்டுமென்று கோபத்தோடு தீர்ப்புச் சொன்னவனும் அவனே. ஒளித்து வைத்த பாவம் மனிதனை இப்படித்தான் செய்கிறது. பிறர் குற்றத்தில் வெகு கண்டிப்புள்ளவனாகிறான். வீட்டில் காரணமின்றி எரிந்து விழுகிறான். பாவம் செய்கிறவன் பாவத்துக்கு அடிமையென்று நமது ஆண்டவர் யூதர்களுக்குச் சொன்னது இதுவே.

நோய்க்கு மருந்து எப்போது கொடுக்கப்பட்டதென்று அறிவீர்களா? உயிர்த்த ஞாயிறு இரவிலேயே கொடுக்கப்பட்டது. கதவுகளைப் பூட்டிக்கொண்டு சீடர்கள் பயந்து கிடந்தார்கள். மூன்று நாளைக்கு முன் அவரைக் கைவிட்டு ஓடினவர்கள் அவர்கள். மும்முறை மறுதலித்த இராயப்பரும் அங்கே இருந்தார். இப்படிப்பட்டவர்கள்மேல்தான் சேசுநாதர் ஊதி, இஸ்பிரீத்துசாந்துவைத் தந்து, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை ஒப்படைத்தார். அர்ச். அருளப்பர் சுவிசேஷம் இருபதாம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். ஆகையால் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவர் பாவமறியாத சம்மனசு என்று எண்ணாதேயுங்கள். நானும் வேறொரு குருவானவரின் முன் முழந்தாளில் நிற்கிறவன்தான். 2014-ம் வருஷம் மார்ச் மாதம் 28-ந் தேதி உரோமையில் பிரான்சிஸ் பாப்பானவர், எல்லாரும் பார்க்கப் போய் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

"சாமியாருக்குத் தெரிந்துவிட்டால் நாளைக்கு எப்படி முகத்தில் விழிப்பது?" என்கிறீர்கள். 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 983-ம் சட்டம் இரகசிய முத்திரையை மீறவே கூடாதென்கிறது. பாஷை தெரியாத இடத்தில் மொழிபெயர்க்கிறவர் இருந்தால் அவரும் கடமைப்பட்டவர். வேண்டுமென்று நேரடியாக அதை மீறுகிற குரு அந்தக்ஷணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். நீங்கள் சொன்னதை உங்களிடமேகூட வெளியே நான் எடுத்துப் பேசக்கூடாது.

இன்னொரு காரியம். மறந்துபோன பாவம் வேறு, மறைத்த பாவம் வேறு. உண்மையாய் மறந்தது மற்றவைகளோடு மன்னிக்கப்படுகிறது. பிறகு ஞாபகம் வந்து, அது சாவான பாவமானால், அடுத்த தடவை சொன்னால் போதும். ஆனால் சாவான பாவமென்று அறிந்தும் மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் ஒன்றுக்கும் உதவாது, தேவதுரோகமும் சேருகிறது. அப்படிப்பட்டவர் கடைசியாய் நன்றாய்ச் செய்த பாவசங்கீர்த்தனத்திலிருந்து சொல்லவேண்டும். வருஷக்கணக்காயிற்றே, எங்கே தொடங்குவது என்று திகைக்கவேண்டாம். "சுவாமி, ஒன்றை மறைத்துவைத்திருக்கிறேன், உதவி செய்யுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மீதியைக் கேட்டு வாங்குவது எங்கள் வேலை.

சக்கேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்து, வஞ்சித்ததை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். நாலத்தனை வேண்டாம், எடுத்ததையாவது கொடுங்கள். அடகுக்கு வாங்கிக் கொடாத தங்கையின் சங்கிலி, நகர்த்தி நட்ட வரப்புக் கல், பங்காளியிடம் மறைத்த பத்திரம், இவைகளைக் கையில் வைத்துக்கொண்டு மனஸ்தாப மந்திரம் சொல்லுகிறவர் அந்த மந்திரத்தை இன்னும் முழுதாய்ச் சொல்லவில்லை.

நமது தமிழ் நாட்டுக்கு இது புதிதல்ல. அர்ச். சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, உதவிக்கு ஆள் வைத்துத் தமிழாக்கி ஊர் ஊராய்க் கற்பித்த செபங்களில் பொதுப் பாவசங்கீர்த்தன மந்திரமும் ஒன்று. அவருக்குப்பின் தமிழை ஊன்றிக் கற்ற அண்டிரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். இரண்டே வருஷத்தில், 1580-ல், கொச்சியில் 'கொம்பெசியொனாயரு' வெளிவந்தது. பாவசங்கீர்த்தனம் செய்யும் விதத்தைக் கற்பிக்கும் நூல் அது. தமிழில் அச்சுக்கலை தொடங்கின காலத்திலேயே இதற்கொரு புத்தகம்! நம்முடைய முன்னோர் அந்தப் பரதவர் கரையில் எதை அவசரமாய் வேண்டினார்களென்று யோசித்துப் பாருங்கள். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்று அழகாய்ச் சொல்லுகிறோம். பெயர் மாறினது நல்லதுதான்; போகிறவர்கள் குறைந்ததுதான் நல்லதல்ல.

வருகிற சனிக்கிழமை மாலை 4 மணி முதல் இரவு 8 மணி வரை தொட்டியில் இருப்பேன். அயல் பங்குக் குருவானவர் ஒருவரும் வந்து, தேவமாதா பீடத்தின் பக்கத்திலுள்ள தொட்டியில் இருப்பார். உங்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் தாராளமாய் அவரிடம் போகலாம். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. நானும் அப்படிப் போனவன்தான். முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் வரிசையில் முன்னிடம் விடுங்கள். எட்டு மணிக்குமேல் யாராவது தூணோரமாய் நின்றால், விளக்கை அணைக்கவேண்டாமென்று கோவில்பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் பங்குக் குரு